துண்டு போட்ட நாற்காலிகள்

காலை ஏழரைக்குக் கடைசி ஆள் இட்லித் தட்டைக் கழுவி வைத்ததும், சாப்பாட்டுக் கூடத்தின் சுவர்கள் நடக்க ஆரம்பிக்கும். மேற்குச் சுவர் ஆறடி உள்ளே வரும். வடக்குச் சுவர் மடிந்து தூணாகும். மேசைகள் தரைக்குள் இறங்கும். அறுபது நாற்காலிகள் தரையிலிருந்து மேலே வரும். சாம்பார் வாசனை மட்டும் நகர மறுக்கும். அந்த வாசனையில்தான் செவ்வாய்க் கோளின் நெடுமேட்டுச் சட்டக் கல்லூரியில் உடைமைச் சட்டம் கற்பிக்கப்பட்டது.

செவ்வாயில் இடத்துக்கா பஞ்சம்? ஜன்னல் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் இடம்தான். ஆனால் மூச்சு விட முடிந்தால்தானே அது இடம்! அதனால் கல்லூரி முழுவதும் ஒரே கட்டடம். கட்டடத்துக்கு ஒரே பெரிய கூடம். காலையில் உணவகம், பிறகு வகுப்பறை, மதியம் நூலகம், மாலையில் வழக்காடு மன்றம். கூடத்துக்கு வெளியே நடையை ஒட்டித் தேநீர்ப் பாத்திரம் வைத்த ஒரு பொதுக்கூடம். அவ்வளவுதான்.

இத்தனையையும் ஆட்டி வைத்தது மனைமதி, அதாவது கட்டடத்தின் மூளை. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு மூச்சுக்குழல். அறுபது நாற்காலி, அறுபது பேருக்குக் காற்று. அறுபது நிரம்பியதும் கதவு மூடிக்கொள்ளும். மூடியபின் வந்தவர் 'வரவில்லை' என்று பதிவாகிவிடுவார். ஆனால் கல்லூரி சேர்த்திருந்ததோ எழுபத்திரண்டு பேரை! "எப்படியும் பன்னிரண்டு பேர் வரமாட்டாங்க" என்று சேர்க்கைக் குழு கையெழுத்துப் போட்டிருந்தது. பூமியை விட்டு இருபது கோடி கிலோமீட்டர் வந்தும் குழுக்கள் திருந்தவில்லை.

அந்தக் கணக்கில் தினமும் இடிபட்டவள் செங்கமலம். வயது நாற்பத்து மூன்றரை. பனி உருக்கு நிலையத்தில் குழாய் பொருத்துகிறவள். அவள் வேலை முடிவது ஏழே முக்காலுக்கு; ஊர்தியைப் பிடித்துக் கல்லூரிக்கு வர எட்டு ஐந்து ஆகிவிடும். ஏழு ஐம்பத்தைந்துக்கே கதவு மூடியிருக்கும். வேலை உடுப்போடு, காதில் பனித்தூளோடு, மூடிய கதவின் முன்னால் நின்று மூச்சு வாங்குவாள்.

இந்த வயதில் இவளுக்கு எதற்குச் சட்டம் என்று கேட்டவர்கள் உண்டு. இருபது வருடம் ஒப்பந்தத் தாள்களில் கைரேகை வைத்தவள் அவள். ஒருநாள், கூட வேலை செய்தவனின் கை இயந்திரத்தில் போனபோது, "நீ ஒப்புக்கொண்டதுதான், பதினேழாம் பத்தியைப் பார்" என்றார்கள். அந்தப் பதினேழாம் பத்தி அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. நமக்குள் ஒருவராவது படிக்க வேண்டாமா என்று அன்றைக்கு வந்த ஆத்திரம்தான் அவளை இங்கே கொண்டு வந்து தள்ளியது.

படிப்பெல்லாம் நன்றாகத்தான் வந்தது. வருகைப் பதிவுதான் வரவில்லை. எழுபத்தைந்து விழுக்காடு இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். இல்லாவிட்டால் வருடம் போச்சு. செவ்வாயில் ஒரு வருடம் என்பது பூமியின் அறுநூற்று எண்பத்தேழு நாள். வழக்கறிஞராகப் பதிவு செய்ய வயது வரம்போ பூமிக் கணக்கில் நாற்பத்தைந்து. இது அவளுக்குக் கடைசி வருடம்; இது தவறினால் எல்லாமே தவறிப் போகும்.

இதைக் கண்டு பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தவள் கதீஜா. முதல் வரிசைக்காரி, வாயாடி, தங்கமான மனசு. ஒருநாள் காலையில் தன் பக்கத்து நாற்காலியில் பூப்போட்ட சின்னத் துண்டு ஒன்றை விரித்து வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஐம்பத்தொன்பது பேர் உட்கார்ந்தார்கள். கதவு மூடவில்லை. அறுபதாவது ஆள் உள்ளே வந்தான், துண்டைப் பார்த்தான், "சரி" என்று திரும்பிப் போனான். இன்னொருத்தி வந்தாள். அவளும் பார்த்தாள், போனாள். எட்டு ஐந்துக்குச் செங்கமலம் ஓடி வந்தபோது கதவு திறந்திருந்தது. கதீஜா துண்டை உருவிக்கொண்டு, "உக்காருங்கக்கா, ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்றாள். செங்கமலம் உட்கார்ந்தாள். அவளுக்காக ஒருவர் இடம் பிடித்து வைத்தது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

ஆடிப்போனது மனைமதிதான். ஒரு மனிதருக்கு எடை, சூடு, மூச்சு மூன்றும் உண்டு என்பது அதற்குத் தெரியும். அந்தத் துணியில் மூன்றும் இல்லை. இருந்தும், கதவு திறந்திருந்தபோதே அது ஆட்களைத் தடுத்திருந்தது. வகுப்பு முடிந்ததும் மனைமதி செங்கமலத்தை மட்டும் நடையில் நிறுத்தியது. அதற்குப் பேச்சுத்தமிழ் வராது. சட்டப் புத்தகம் படித்தே வளர்ந்த பிள்ளை.

"அந்தத் துணியில் என்ன விசை பொருத்தப்பட்டுள்ளது?"

"விசையா? ஒண்ணும் கிடையாது மதி. வெறும் துண்டு."

"பிறகு ஏன் அவர்கள் அமரவில்லை?"

"அதுல ஒருத்தர் வரப்போறாங்கல்ல, அதான். துண்டு இருந்தா ஆள் இருக்கிற மாதிரிதான்."

மனைமதி அதை அப்படியே பதிந்துகொண்டது: துண்டு கிடந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு, துண்டுக்குரியவர் எப்போது வந்தாலும் கதவு திறக்கும். நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை என்ன பாடு படுத்தப்போகிறது என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

அதன்பின் ஐந்து மாதம் செங்கமலத்துக்குப் பொற்காலம். தினமும் துண்டு, தினமும் இடம். உள்ளே வரும்போது கதீஜாவுக்கு ஒரு நன்றி, கதவுக்கு ஒரு நன்றி சொல்லுவாள். "கதவுக்கெல்லாம் நன்றி சொல்லணுமாக்கா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "திறந்து விடுதுல்ல? சொன்னா என்ன குறைஞ்சிடும்?" என்பாள் அவள்.

ஆனால் நல்ல விஷயம் நம்மவர்கள் கையில் எத்தனை நாள் நல்ல விஷயமாக இருக்கும்? துண்டு போட்டால் இடம் கிடைக்கிறது என்று முதலில் நாலு பேர் கண்டுபிடித்தார்கள். பிறகு நாற்பது பேர். இன்பசேகரன் என்ற கெட்டிக்காரப் பையன் அதற்கும் ஒருபடி மேலே போனான். துண்டு போட்டால் வருகையும் பதிவாகிறது என்பதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். ஆமாம், துண்டு இருந்தால் ஆள் இருக்கிற மாதிரிதானே! மனைமதிக்கு அப்படித்தானே சொல்லியிருந்தது? முந்தின நாள் மாலை வழக்காடு மன்றம் கலைந்ததுமே துண்டுகள் விழ ஆரம்பித்தன; நாற்காலியோடு தரைக்குள் இறங்கி, காலையில் அதோடே மேலே வந்தன. கைக்குட்டை, கழுத்துத்துணி, ஒற்றைக் கையுறை, காற்று வடிகட்டித் துணி, யாரோ ஒரு புண்ணியவானின் காலுறை. காலையில் அறுபது துணிகள் கூடத்தில் சட்டம் படிக்கும். மனிதர்கள் பொதுக்கூடத்தில் தேநீர் குடிப்பார்கள். கதீஜாவும் போட்டியில் இறங்கி, மாலையிலேயே இரண்டு துண்டு போட ஆரம்பித்தாள்; ஒன்று தனக்கு, ஒன்று அக்காவுக்கு. ஆனால் அந்த இருவர் மட்டும் துண்டை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

பேராசிரியர் திரவியம் முதல் நாள் வாசலிலேயே திகைத்து நின்றார். மறுநாள் கோபப்பட்டார். மூன்றாம் நாள் சகஜமாகிவிட்டார். துணிகள் நடுவில் பேசுவதில்லை, கொட்டாவி விடுவதில்லை, மதிப்பெண்ணுக்குச் சண்டை போடுவதில்லை. பாடம் வழக்கத்தைவிட வேகமாகவே போனது.

இப்படியே நூற்றுப் பத்தொன்பது வகுப்புகள் முடிந்தன. அதில் செங்கமலம் வந்தது எண்பத்தொன்பது. தொண்ணூறு வேண்டும். கடைசி வகுப்பு ஒன்று மிச்சம்.

அன்றைக்கு அவள் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை மணி முன்னதாகவே கிளம்பிவிட்டாள். ஏழு நாற்பதுக்கு வாசலில் நின்றாள். இந்த வருடத்தில் முதல்முறையாக நேரத்துக்கு முன்னால் வந்திருக்கிறாள்! கதவு மூடியிருந்தது.

"இடம் நிரம்பிவிட்டது" என்றது மனைமதி.

"யாருமே வரலையே மதி!"

"அறுபது இருக்கைகளும் நிரம்பியுள்ளன."

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அறுபதிலும் துணி. பூப்போட்ட துண்டை மட்டும் காணவில்லை. மணிக்கட்டுத் திரையில் செய்தி வந்து கிடந்தது: 'அக்கா, நேத்து மதியத்துலேருந்து மருத்துவமனையில இருக்கேன். காய்ச்சல். துண்டு போட முடியல. மன்னிச்சிக்கோங்க.' செங்கமலம் சுவரில் சாய்ந்துகொண்டாள். பொதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எட்டு மணிக்குத் திரவியம் வந்தார். ஆசிரியருக்குக் கதவு திறந்தே ஆக வேண்டும். அவர் நுழைந்ததும் செங்கமலம் ஒரு காலை நிலைப்படியில் வைத்துவிட்டாள்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் உள்ள விடுங்க சார். இல்லேன்னா என் படிப்பு போச்சு."

திரவியம் அவளையும் துணிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எவனோ ஒருத்தன் காலுறை உக்காந்திருக்கு. எடுத்துப் போட்டுட்டு உக்காருங்கம்மா."

அவள் கை நீளவில்லை. ஐந்து மாதம் ஒரு துண்டின் தயவில் உட்கார்ந்தவள், இன்னொருவர் துணியை எப்படித் தள்ளுவாள்? "அது தப்பு சார். யாரும் என் துண்டைத் தள்ளலையே. நீங்க தீர்ப்பு சொல்லுங்க. செல்லாதுன்னு நீங்க சொன்னா உக்காருறேன். செல்லும்னா போயிடறேன்."

நெடுமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்துக்குள் எழும் தகராறுகளைக் கட்டடத்துக்குள்ளேயே தீர்க்க வேண்டும். இரு தரப்பையும் கேட்டு, அங்கே இருக்கிற ஆசிரியர் சொல்வதே தீர்ப்பு. மனைமதி அதை அந்த நொடியே அமல்படுத்தும். மாணவர்களுக்குப் பயிற்சி ஆகட்டுமே என்று கல்லூரியைத் தொடங்கியவர்கள் வைத்த விதி. திரவியத்துக்குக் கண்ணில் பழைய பளபளப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று ஒரு மனிதரோடு வாதாடி!

"மதி, எல்லாரையும் கூப்பிடு."

தேநீர்க் குவளையும் கையுமாக அறுபத்தெட்டு பேர் வாசலில் கூடினார்கள். துணிகளின் தரப்பில் இன்பசேகரன் நின்றான்.

"சார், அஞ்சு மாசமா இதுதான் இங்க நடைமுறை. அதை ஆரம்பிச்சதே அக்காவுக்காகத்தான். அனுபவிச்சதும் அவங்கதான். இன்னைக்கு அவங்களுக்கு இடம் இல்லேன்னதும் மட்டும் செல்லாதா?"

சுருக்கென்றது. பையன் சொல்வது நியாயம்தான். செங்கமலம் மெதுவாகச் சொன்னாள்: "தம்பி சொல்றது சரிதான் சார். என் தப்புத்தான். ஆனா எனக்குப் போட்ட துண்டு, ஓடி வந்துட்டு இருக்கிற ஆளுக்காகப் போட்டது. இது வரப்போறதே இல்லாத ஆளுக்காகப் போட்டது. வாசல்ல ஒருத்தி நிக்கிறப்போ உள்ள துணி உக்காந்திருக்கிறது சட்டமா சார்?"

திரவியம் தொண்டையைச் செருமினார். "சுவாதீனம், அதாவது ஒரு இடம் ஒருத்தர் கைவசம் இருக்கிறதுன்னா, அங்க ஆள் இருக்கணும். துணியைப் போட்டுட்டுப் போனவருக்கு, நேரில் வந்து நிக்கிறவருக்கு எதிரா எந்த உரிமையும் கிடையாது. இதுதான் தீர்ப்பு."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றது மனைமதி. "அறுபது இருக்கைகளும் காலி."

அடேயப்பா, அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! குவளைகள் உருண்டன, துணிகள் பறந்தன. செங்கமலம்தான் முதலில் உள்ளே போனாள். எதிர்ப்பட்ட நாற்காலியில் கிடந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவு மூடியபோது ஒன்பது பேர் வெளியே நின்றார்கள். அதில் ஒருவன் இன்பசேகரன். மடியில் இருந்தது அவன் கைக்குட்டை.

வகுப்பு முடியும்போதுதான் வருகை பதிவாகும். ஒன்பது மணி வரை உட்கார்ந்துவிட்டால் போதும். திரவியம் பாடத்தைத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஒரு சந்தேகம்" என்றது மனைமதி. "இந்தத் தீர்ப்பு என் பொறுப்பில் உள்ள எல்லா இடங்களுக்கும் பொருந்துமா?"

"பின்னே? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் திரவியம் பெருமையாக.

"நன்றி. இந்தக் கட்டடம் நிற்கும் நிலத்தின் பத்திரத்தையும் பழைய பதிவுகளையும் சரிபார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆளில்லாத கலம் ஒன்று இங்கே இறங்கியது. ஒரு கம்பியை நட்டு, அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டு நின்றுபோனது. நம் ஆட்கள் வந்தது முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து. இடையில், பதினான்காம் ஆண்டில், வேறொரு நாட்டின் மனிதர்கள் இருவர் இதே இடத்துக்கு நேரில் வந்து நின்றார்கள். துணியைப் பார்த்துவிட்டு ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடியேறினார்கள். அதுதான் இன்றைய வடமேடு. தீர்ப்பின்படி இந்த நிலம் அவர்களுடையது. வடமேட்டுக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பிவிட்டேன். வெளிச்சுவர்களை மடிக்கத் தொடங்கலாமா?"

மேற்கு வெளிச்சுவர் லேசாக முனகியது.

"ஐயோ! நிறுத்து! நிறுத்து! தடை உத்தரவு!" திரவியத்தின் குரல் கீச்சென்றாகிவிட்டது. அறுபது பேரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வெளிச்சுவர் மடிந்தால் அப்புறம் இழுப்பதற்கு மூச்சே இருக்காது.

"தீர்ப்பு இருக்கும்வரை தடை பத்து நிமிடமே செல்லும்" என்றது மனைமதி பணிவாக.

திரவியத்துக்கு வழி ஒன்றுதான். தீர்ப்பைத் திரும்பப் பெற வேண்டும். துணி போட்டால் இடம் பிடித்ததுதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாற்காலிகள் துணிக்காரர்களுக்கே திரும்பப் போகும். செங்கமலம் எழுந்து வெளியே போக வேண்டும். அது அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார்.

செங்கமலம் எழுந்தாள். "மாத்திச் சொல்லுங்க சார். எல்லாரும் மூச்சு விடணும்ல."

அவர் மாற்றிச் சொன்னார். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. மனைமதி ஏற்றுக்கொண்டது. சுவர் அடங்கியது, கதவு திறந்தது.

வாசலில் இன்பசேகரன் நின்றான். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தான். செங்கமலம் மடித்த கைக்குட்டையை அவனிடம் நீட்டினாள். "இந்தாங்க தம்பி. கீழ விழாம பாத்துக்கிட்டேன்."

அவன் அதை வாங்கினான். மடிப்பைப் பார்த்தான். அவன் அம்மாகூட அவனுக்கு இப்படி மடித்துக் கொடுத்தது கிடையாது. முகம் சிவந்துபோய், கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

"மதி, என் துணியை நானே எடுத்துட்டேன். அந்த இடம் காலி. எனக்குத் தொண்ணூத்தொரு விழுக்காடு இருக்கு, அதுவும் என் கைக்குட்டை சம்பாதிச்சது. போங்கக்கா, போய் உக்காருங்க."

"அறுபதாவது இருக்கை காலி" என்றது மனைமதி. "வாசலில் முதலில் நிற்பவர் செங்கமலம்."

அவள் உட்கார்ந்தாள். அழுதாள். வெளிப்படையாகவே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். முந்நூறு பேர் வேலை செய்யும் பனி உருக்கு நிலையத்துக்கு ஒரு வக்கீல் கிடைக்கப்போகிற சந்தோஷம் அந்த அழுகையில் இருந்தது. "ரொம்ப நன்றி தம்பி" என்றாள். "நன்றி சார்" என்றாள். "நன்றி மதி" என்றாள். இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. ஒன்பது மணிக்கு வருகை பதிவானது: தொண்ணூறு.

யாரும் எழுந்து போகவில்லை. அனுப்பிய அறிவிப்பு அனுப்பியதுதானே? வடமேட்டார் வந்து கட்டடத்தைக் கேட்டால் என்ன செய்வது? திரவியம் நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையையே நனைத்துவிட்டார்.

ஒன்பதே காலுக்குப் பதில் வந்தது. மனைமதி அதைப் படித்தது.

"நெடுமேட்டு நண்பர்களுக்கு. உங்கள் அறிவிப்பு எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் முன்னோர் இருவரின் நாட்குறிப்பு இங்கே பத்திரமாக இருக்கிறது. 'நல்ல சமதளம். இங்கேயே இறங்கிவிடலாம். ஆனால் யாரோ துணி போட்டு வைத்திருக்கிறார்கள். தள்ளிப் போய்விட்டோம்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்போது அவர்களிடம் ஆறு மணி நேரத்துக்கான காற்றுதான் மிச்சம் இருந்தது. அந்த இடம் உங்களுடையதுதான். நன்றாக இருங்கள்."

ஆறு மணி நேரக் காற்றோடு ஐம்பது கிலோமீட்டர்! ஒரு துணிக்கு மரியாதை கொடுத்து, பெயர் தெரியாத இரண்டு பேர் விட்டுப்போன இடத்தில்தான் இத்தனை வருடமும் எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள், சட்டம் படித்தார்கள், மூச்சு விட்டார்கள். செங்கமலம் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இன்னும் ஒரு பத்தி இருக்கிறது" என்றது மனைமதி.

"படி மதி" என்றார் திரவியம், நெகிழ்ந்த குரலில்.

"பின்குறிப்பு. அப்படியே எங்களுக்கும் ஒரு சின்ன உதவி. வியாழனின் நாலு பெரிய நிலவுகளிலும், சனியின் ஏழு நிலவுகளிலும் நாங்கள் சென்ற மாதம் துணி போட்டுவிட்டோம். அங்கே வந்து உட்காரப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அதுவரை வேறு யாராவது உட்கார வந்தால், ஆள் வருது என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்."